சப்போர்ட் தளத்தில் வழி தெரியாமல் நின்றது உங்கள் குறை இல்லை

முதலில் நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். தெற்கு வெளி வீதிப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்குப் பார்க்கிறீர்கள். விண்டோஸ் அப்டேட் ஆன மறுநாளிலிருந்து பில்லிங் மென்பொருளில் பிரிண்ட் கொடுத்தால் ஒரு பிழை எண் வந்து அப்படியே நின்றுவிடுகிறது. கம்பெனியின் சப்போர்ட் தளத்துக்குப் போனால் லாகின் கேட்கிறது, லாகின் உருவாக்கப் போனால் கஸ்டமர் ஐடி கேட்கிறது, பழைய பில்லைத் தேடி அதையும் கொடுத்தால் "பதிவு செய்த மொபைலுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம்" என்கிறது, அந்த மொபைல் யாருடையது என்று கடையில் யாருக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் போய்விட்டது. முதலாளி, "ஏம்மா, ஒரு வெப்சைட்ல தேடி எடுக்கத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டார். இதை எப்படித் தாண்டுவது என்பது உங்கள் கேள்வி. ஆனால் கடைசி வரியில், "எனக்குத்தான் தெரியலையா?" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், உண்மையில் கேட்க வந்தது அதைத்தான் என்று எனக்குப் படுகிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்களுக்குத் தெரியாமல் இல்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. 2004 முதல் 2008 வரை சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியின் சப்போர்ட் பிரிவில் இருந்தேன். உங்களைப் போன்றவர்கள் அனுப்பும் டிக்கெட்டுகளை, அதாவது தளத்தில் பதியும் புகார்களை, வாங்கிப் பதில் எழுதுவதும், தளத்தில் போடும் உதவிக் கட்டுரைகளை எழுதுவதும்தான் வேலை. 2009-இல் ஊருக்குத் திரும்பி, அன்றிலிருந்து மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் கடைகள், அரிசி மில்கள், கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் சில பட்டறைகள், இரண்டு சின்ன மருத்துவமனைகள் என்று ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டுக் கம்ப்யூட்டர் பராமரிப்பு செய்கிறேன். ஆக அந்தத் தளங்களை இரண்டு பக்கமிருந்தும் பார்த்தவன். கோடிக்கணக்கில் ஒப்பந்தம் போட்டு, தனக்கென்று ஒரு இன்ஜினியரையே நியமித்துக்கொள்ளும் பெரிய நிறுவனங்களின் அனுபவம் எனக்கு இல்லை. நான் சொல்வது மூன்று கம்ப்யூட்டர், நான்கு கம்ப்யூட்டர் வைத்திருக்கும் இடங்களுக்கு.

வழி ஏன் தெரியவில்லை என்றால், அந்தத் தளம் உங்கள் பிரச்சினையை மையமாக வைத்துக் கட்டப்பட்டதில்லை, கம்பெனிக்குள் இருக்கும் பிரிவுகளை வைத்துக் கட்டப்பட்டது. மெல்வின் கான்வே என்ற கணினி அறிஞர் 1968-லேயே ஒரு கட்டுரையில் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்: ஒரு நிறுவனம் எதை வடிவமைத்தாலும் அதில் அந்த நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்ற அமைப்பே பதிந்துவிடும். இன்றைக்கும் இதை கான்வே விதி என்கிறார்கள். லைசென்ஸ் பிரிவு ஒன்று, டவுன்லோடு பிரிவு ஒன்று, டெக்னிக்கல் பிரிவு ஒன்று, பில்லிங் பிரிவு இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் தனி லாகின், தனி பாஸ்வேர்டு விதி, தனி முகப்பு. உங்களுக்கோ இருப்பது ஒரே பிரச்சினை, பில் வரவில்லை. அது லைசென்ஸ் பிரச்சினையா டெக்னிக்கல் பிரச்சினையா என்பதை உள்ளே நுழைவதற்கு முன்பே நீங்கள் சொல்ல வேண்டும் என்று தளம் எதிர்பார்க்கிறது. அதைக் கண்டுபிடிக்கத்தானே அங்கே போனீர்கள். நம் ஊருக்கு முதல்முறை வருகிறவருக்குக்கூட கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, அதற்கு வெளியே ஆவணி மூல வீதி, அதற்கு வெளியே மாசி வீதி, அப்புறம் வெளி வீதி, ஒவ்வொன்றுக்கும் கிழக்கு மேற்கு வடக்கு தெற்கு என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், கோபுரத்தைப் பார்த்து நடந்து எந்தக் கடைக்கும் வந்துவிடுவார். நடுவில் எல்லாருக்கும் தெரிகிற ஒன்று இருக்கிறது, மற்றவை அதைச் சுற்றி இருக்கின்றன. சப்போர்ட் தளங்களில் அந்த நடு இருப்பதில்லை.

உள்ளே இருந்தபோது பார்த்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது தெரிந்தால் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். எங்கள் டிக்கெட் படிவத்தில் முதலில் ஐந்து கட்டங்கள்தான் இருந்தன. நான் விலகும்போது பதினான்கு. ஒவ்வொரு பிரிவும் தன் மாத அறிக்கைக்கு ஒரு விவரம் வேண்டும் என்று ஒரு கட்டத்தைச் சேர்த்தது, யாரும் எதையும் நீக்கவில்லை. "தயாரிப்புக் குடும்பம்", "தயாரிப்பு வரிசை", "துணை வகை" என்று மூன்று பட்டியல்கள் அடுத்தடுத்து வரும், அந்தப் பெயர்கள் எல்லாம் எங்கள் உள் பெயர்கள், வாங்கியவரின் பெட்டியில் எங்கேயும் அச்சடித்திருக்காது. குழம்பிப்போகிறவர்கள் கடைசியில் இருக்கும் "மற்றவை" என்பதைத் தேர்ந்தெடுப்பார்கள். அப்படி வரும் டிக்கெட்டுகள் யார் பெயரிலும் போகாமல் ஒரு பொது வரிசையில் நிற்கும், எல்லாரும் தங்கள் வரிசையை முடித்த பிறகுதான் அதைத் தொடுவோம். எல்லாக் கம்பெனியிலும் இப்படித்தான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் "மற்றவை" மட்டும் வேண்டாம், கிட்டத்தட்டப் பொருந்தும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தவறாக இருந்தால் உள்ளே இருப்பவர் சரியான பிரிவுக்கு மாற்றிவிடுவார், அதற்குள் ஒரு மனிதர் அதைப் படித்திருப்பார்.

அதைவிட முக்கியமான ஒன்று. சப்போர்ட் தொழிலில் "டிஃப்ளெக்‌ஷன்" என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் டிக்கெட் போடாமலும் போன் செய்யாமலும், தளத்தில் இருப்பதைப் படித்தே திரும்பிப் போனால் அது ஒரு வெற்றி என்று எண்ணப்படும். நோக்கம் தவறில்லை, நல்ல கட்டுரை ஒன்று இருந்தால் இரவு 10 மணிக்குக்கூட ஒருவர் தானே சரி செய்துகொள்ளலாம். ஆனால் விடை கிடைத்துப் போனவரும், வெறுத்துப் போனவரும் அந்தக் கணக்கில் ஒன்றாகவே தெரிவார்கள். இரண்டு பேருமே டிக்கெட் போடவில்லை அல்லவா. நீங்கள் முதல் நாள் மாலை கைவிட்டு எழுந்தபோது, எங்கேயோ ஒரு அறிக்கையில் அது "தானாகத் தீர்ந்த பிரச்சினை" என்று ஏறியிருக்கவும் கூடும். இதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது, நானே அந்த எண்ணைத் தட்டச்சு செய்து மேலே அனுப்பியிருக்கிறேன்.

அப்படியென்றால் வேண்டுமென்றேதான் மோசமாகக் கட்டுகிறார்களா என்று கேட்பீர்கள். இங்கே உறுதியாகத் தெரிந்ததையும் என் ஊகத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும். பணம் கட்டியவருக்கு மட்டும் கதவு திறப்பது என்பது தெரிந்தே எடுக்கப்படும் முடிவு, அதை மறைப்பதும் இல்லை. 2014 பிப்ரவரியில் ஹெச்பி தன் ப்ரோலியன்ட் சர்வர்களுக்கான ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டுகளை இனி வாரண்டியோ சப்போர்ட் ஒப்பந்தமோ நடப்பில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் தருவோம் என்று வெளிப்படையாகவே அறிவித்தது. மற்ற பல கம்பெனிகளும் அந்த வழியில்தான் இருக்கின்றன. அது வியாபாரக் கொள்கை, பிடிக்கிறதோ இல்லையோ தெளிவாக இருக்கிறது. ஆனால் போன் நம்பரை ஆறு பக்கத்துக்குக் கீழே ஒளித்து வைப்பதும், 20 நிமிடத்தில் லாகின் முடிந்து அடித்ததெல்லாம் அழிந்துபோவதும் திட்டமிட்ட சதி என்று நான் நினைக்கவில்லை. கேட்பாரில்லாமல் வளர்ந்தது என்றே நினைக்கிறேன், அந்தத் தளத்தைக் கட்டியவர் ஒருநாளும் அதில் உட்கார்ந்து ஒரு டிக்கெட் போட்டுப் பார்த்திருக்க மாட்டார். இது என் ஊகம்தான்.

லிங்க் செத்துப்போவது பற்றி உங்கள் கேள்வியிலும் ஒரு வரி இருந்தது, எந்தக் கட்டுரையைத் தொட்டாலும் முகப்புக்கே திரும்ப வருகிறது என்று. வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே, ஒரு பக்கத்துக்குக் கொடுத்த முகவரியை மாற்றக் கூடாது, அது தானாக மாறுவதில்லை, மனிதர்கள்தான் மாற்றுகிறார்கள் என்று எழுதிவைத்தார். பக்கம் இல்லையென்றால் 404 என்ற எண்ணைத் திருப்பி அனுப்ப வேண்டும், இடம் மாறியிருந்தால் 301 என்ற எண்ணோடு புது இடத்துக்கு அனுப்ப வேண்டும், இதெல்லாம் எழுதிவைத்த விதிகள். ஆனால் தளத்தைப் புதுப்பிக்கும்போதும், கம்பெனி கைமாறும்போதும் பழைய முகவரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து இணைக்க ஆள் போடுவதில்லை, எல்லாவற்றையும் மொத்தமாக முகப்புக்குத் திருப்பிவிடுகிறார்கள். பார்க்கிறவருக்குப் பக்கம் இல்லை என்றுகூடத் தெரியாது, தான் ஏதோ தவறாக அழுத்திவிட்டதாக நினைத்துத் திரும்பத் திரும்ப அழுத்துவார். நீங்கள் செய்தது அதுதான்.

மேலூர் பக்கம் ஒரு அரிசி மில்லில் இது எனக்கு நன்றாகவே புரிந்தது. எடை மேடைக்கு ஒரு மென்பொருள், அது ஓட வேண்டுமென்றால் கம்ப்யூட்டரின் பின்னால் ஒரு டாங்கிள், பென்டிரைவ் மாதிரியான லைசென்ஸ் சாவி, செருகியிருக்க வேண்டும். கம்ப்யூட்டர் மாற்றினோம், டாங்கிளுக்கு டிரைவர் (விண்டோஸ் அதை அடையாளம் காண உதவும் சின்ன மென்பொருள்) வேண்டும், அதைச் செய்த கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கிவிட்டது, பழைய டவுன்லோடு முகவரிகள் எல்லாம் புதுக் கம்பெனியின் விளம்பரப் பக்கத்துக்குப் போகின்றன. அறுவடைக் காலம், வெளியே நெல் லாரிகள் வரிசையில் நிற்கின்றன, லாரிக்காரர்கள் எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். அந்தத் தளத்தில் மூன்று மணி நேரம் தேடினேன். கடைசியில் மில்காரர், "தம்பி, வாங்கினப்ப ஒரு சிடி குடுத்தாங்களே" என்று சொல்லி வீட்டுக்கு ஆளை அனுப்பினார், பீரோவில் கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவில் அந்த சிடி இருந்தது. டிரைவர் பழையதுதான், ஆனாலும் ஓடியது. அன்றிலிருந்து எந்த இடத்தில் மென்பொருள் போட்டாலும் முதல் நாளே அதன் இன்ஸ்டாலர், டிரைவர், லைசென்ஸ் கோப்பு, கையேடு எல்லாவற்றையும் இறக்கி ஒரு பென்டிரைவிலும் ஒரு வெளி ஹார்டு டிஸ்கிலும் போட்டு முதலாளி கையில் கொடுத்துவிடுகிறேன். உங்கள் கடையிலும் இந்தப் பிரச்சினை முடிந்ததும் இதைச் செய்துவிடுங்கள்.

சரி, இப்போது உங்கள் விஷயம். அந்த ஓடிபி போகும் மொபைல் உங்களுக்கு மென்பொருளை விற்ற டீலருடையதாகத்தான் இருக்கும் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்வேன். நான் போகிற கடைகளில் பாதிக்கு மேல் இதே கதை. போட்டுக்கொடுக்க வந்த பையன் அவசரத்தில் தன் நம்பரையும் தன் மெயிலையும் கொடுத்துப் பதிவு செய்துவிட்டுப் போயிருப்பான், அப்புறம் அவன் வேலை மாறியிருப்பான். முதலில் டீலரைக் கூப்பிட்டு, கடைசி நான்கு எண்களைச் சொல்லிக் கேளுங்கள். அவர் கிடைத்தால் அந்த ஓடிபியை வாங்கி உள்ளே போய், வேறு எதையும் தொடுவதற்கு முன் மொபைலையும் மெயிலையும் கடையின் பெயருக்கு மாற்றுங்கள், உங்கள் சொந்த நம்பருக்கு வேண்டாம், நாளைக்கு நீங்கள் வேலை மாறினால் அடுத்து வருகிறவருக்கும் இதே நிலைதான். டீலர் கிடைக்காவிட்டால் கடையின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம்: சீரியல் நம்பர், வாங்கிய பில் நகல், பில்லில் உள்ள அதே ஜிஎஸ்டி எண், புது மொபைல், புது மெயில், முதலாளியின் கையெழுத்து, முத்திரை. இதை ஸ்கேன் செய்து கம்பெனியின் சப்போர்ட் மெயிலுக்கும் விற்பனைப் பிரிவு மெயிலுக்கும் ஒன்றாக அனுப்புங்கள். விற்பனைப் பிரிவைச் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு, பெரும்பாலான தளங்களில் லாகின் இல்லாமல் ஒரு மனிதரை அடையக்கூடிய வழி அது ஒன்றுதான், அவர்கள் போனையும் எடுப்பார்கள்.

அது நடக்கும்வரை தளத்துக்குள் இருக்கும் தேடல் பெட்டியை விட்டுவிட்டு வெளியிலிருந்து தேடுங்கள். கூகுளில் ஆங்கிலத்தில் சைட் என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் கம்பெனியின் முகவரியைப் போட்டு, அதன் பிறகு பிழை எண்ணை இரட்டை மேற்கோளுக்குள் கொடுத்தால் அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடும், பெரும்பாலும் அவர்கள் பெட்டியைவிட நன்றாகவே தேடும். பிழைச் செய்தி முழுவதையும் போடாதீர்கள், அதில் உங்கள் கம்ப்யூட்டரின் பெயரும் கோப்புறையும் கலந்திருக்கும், அது வேறு யாருக்கும் பொருந்தாது. எண்ணும் அதை ஒட்டிய நான்கைந்து சொற்களும் போதும். இன்னொன்று, பிரவுசர் பக்கத்தைத் தமிழில் மொழிபெயர்த்துக் காட்டிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிட்டுப் பிழையைப் பிரதி எடுங்கள். மொழிபெயர்த்த பிழையை எங்கே தேடினாலும் கிடைக்காது, பட்டன்களின் பெயரும் மாறிப்போய் கட்டுரையில் சொன்னது எது என்றே புரியாது. இந்தத் தளங்கள் ஆங்கிலத்தில் மட்டுமே இருப்பது பற்றி எனக்குத் தனியாகவே கோபம் உண்டு. உசிலம்பட்டியிலும் திருமங்கலத்திலும் தமிழில் அருமையாகக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு மென்பொருளை விற்கத் தெரிகிறது, கோளாறு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பத்து வரி தமிழில் எழுதிவைக்கத் தெரியவில்லை.

பக்கமே காணாமல் போயிருந்தால் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பழைய முகவரியைப் போட்டுப் பாருங்கள். 1996 முதல் வெப் பக்கங்களைச் சேமித்து வருகிறார்கள், 2001-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள், கையேடுகளும் சில சமயம் டிரைவர்களும்கூட அங்கே கிடைத்திருக்கின்றன. லாகினுக்குப் பின்னால் இருந்தவை மட்டும் அங்கேயும் கிடைக்காது, அதில் நேரத்தை விடாதீர்கள். எங்கேயிருந்து எதை இறக்கினாலும் ஓட்டுவதற்கு முன் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்டீஸில் டிஜிட்டல் கையொப்பத்துக்கான பகுதியைப் பாருங்கள், கம்பெனியின் பெயர் அங்கே இருக்க வேண்டும். பழைய டிரைவர்களில் கையொப்பம் இல்லாமலும் இருக்கும், ஆனால் பில்லிங் கம்ப்யூட்டரில் கையொப்பம் இல்லாததை நான் போட மாட்டேன். டிரைவர் தருகிறோம் என்று விளம்பரத்தோடு வரும் மூன்றாம் ஆள் தளங்கள் பக்கமே போக வேண்டாம்.

இதைவிடக் கவலையான ஒன்றையும் சொல்ல வேண்டும். தளத்தில் போன் நம்பர் கிடைக்காமல் கூகுளில் "கஸ்டமர் கேர் நம்பர்" என்று தேடுகிறோமே, அங்கேதான் போலிகள் காத்திருக்கிறார்கள். கம்பெனியின் பெயரிலேயே நம்பர் போட்டு, எடுத்தவுடன் மரியாதையாகப் பேசி, எனிடெஸ்க் போன்ற ஒரு ஆப்பைப் போடச் சொல்லி, அது காட்டும் எண்ணைக் கேட்பார்கள். கொடுத்தால் உங்கள் திரை அவர்கள் கையில். 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி இதைப் பற்றி வங்கிகளை எச்சரித்தது. கடையின் பேங்க் லாகின் இருக்கும் கம்ப்யூட்டரில் யாருக்கும், நீங்களாகக் கூப்பிட்டவர் என்றாலும், அவர் நம்பர் உங்கள் பில்லிலோ மென்பொருளுக்குள் இருக்கும் உதவிப் பக்கத்திலோ இல்லையென்றால் அந்த ஆப் காட்டும் எண்ணைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்துப் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிட வேண்டும். சப்போர்ட் தளம் மோசமாக இருப்பதை வெறும் எரிச்சல் என்று என்னால் விட முடியாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். உள்ளே வர விடாமல் துரத்திய ஒவ்வொருவரையும் அது இந்த ஆட்கள் கையில் கொண்டுபோய் விடுகிறது.

லாகின் கிடைத்ததும் டிக்கெட் எழுதுவீர்கள். தளத்தில் நேரடியாக அடிக்காமல் நோட்பேடில் எழுதி ஒட்டுங்கள், நேரம் முடிந்து அழிந்தாலும் கையில் இருக்கும். "பில் பிரிண்ட் ஆகவில்லை, உடனே சரி செய்யவும்" என்று வரும் டிக்கெட்டுக்கு உள்ளே இருப்பவரால் கேள்விதான் கேட்க முடியும், அந்தக் கேள்வியோடு அன்றைய தினம் முடிந்துவிடும். அதற்குப் பதில் இப்படி எழுதுங்கள்: மென்பொருளின் பதிப்பு எண் இது, விண்டோஸ் 11, இந்தத் தேதி இரவு அப்டேட் ஆனது, மறுநாள் காலை முதல் விற்பனை பில்லில் பிரிண்ட் கொடுத்ததும் இந்த எண்ணோடு பிழை வருகிறது, மூன்று கம்ப்யூட்டரில் இரண்டில் வருகிறது, அப்டேட் ஆகாத மூன்றாவதில் வரவில்லை, ரீஸ்டார்ட் செய்தோம், பிரிண்டரைக் கழற்றி மாட்டினோம், மாற்றமில்லை, 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (ஜிஎஸ்டி விற்பனை ரிட்டர்ன்) போட வேண்டும், கடையில் கையால் பில் எழுதிக்கொண்டிருக்கிறோம். திரையின் படத்தையும் சேருங்கள். "இரண்டில் வருகிறது, ஒன்றில் வரவில்லை" என்ற அந்த ஒரு வரி எங்களுக்கு அரை நாள் வேலையை மிச்சமாக்கும். அவசரம் எவ்வளவு என்று கேட்கும் கட்டத்தில் உண்மையைப் போடுங்கள், வேலை முழுதாக நின்றிருந்தால் அதிகபட்சம், மாற்று வழி இருந்தால் அதற்கு அடுத்தது. எல்லாவற்றுக்கும் அதிகபட்சம் போடுகிறவரின் டிக்கெட்டை உள்ளே இருப்பவர்களே கீழே இறக்கிவிடுவார்கள். பதில் வந்த பிறகு சில நாள் நீங்கள் எதுவும் எழுதாவிட்டால் டிக்கெட் தானாக மூடிக்கொள்ளும், "இன்னும் தீரவில்லை" என்று ஒரு வரியாவது போட்டுக்கொண்டே இருங்கள். போனில் பேசினால் அன்றே, இன்னார் இன்ன நேரம் இப்படிச் சொன்னார் என்று அதே டிக்கெட்டில் எழுதிவையுங்கள்.

சட்டப்படி ஏதாவது செய்ய முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்வேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காக வாங்கியவரை நுகர்வோர் கணக்கில் சேர்ப்பதில்லை. சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் பயன்படுத்துபவருக்கு விலக்கு உண்டு. உங்கள் கடை இதில் எந்தப் பக்கம் என்பது வழக்கறிஞர் பார்த்துச் சொல்ல வேண்டியது, என் தொழிலில் வருவதில்லை. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இணையதளங்களில் வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 வகை வடிவமைப்புகளைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. சந்தாவை ரத்து செய்ய விடாமல் சிக்கவைப்பது அதில் இருக்கிறது, உதவி எண்ணை ஒளித்து வைப்பது அந்தப் பெயரில் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அங்கே ஒரு புகார் பதிவு செய்வதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

இதையெல்லாம்விடப் பலன் தருவது, அடுத்த முறை மென்பொருள் வாங்கும்போது முதலாளியிடம் பேசுவதுதான். விலை பேசுவதற்கு முன் அந்தக் கம்பெனியின் சப்போர்ட் தளத்தை நீங்கள் திறந்து பாருங்கள். லாகின் இல்லாமல் கையேடு தெரிகிறதா, போன் நம்பர் கண்ணில் படுகிறதா, ஏதாவது ஒரு பிழை எண்ணைத் தேடினால் கட்டுரை வருகிறதா, அதில் தேதி போட்டிருக்கிறதா. அப்புறம் வாங்காமலேயே ஒரு சந்தேகம் கேட்டு மெயில் போட்டு எத்தனை நாளில் பதில் வருகிறது என்று எண்ணுங்கள். நான் இப்போதெல்லாம் இதைப் பார்க்காமல் எந்தக் கடைக்கும் ஒரு மென்பொருளைச் சிபாரிசு செய்வதில்லை. இரண்டாயிரம் ரூபாய் விலை குறைவு என்று எடுத்துவிட்டு, மாதக் கடைசியில் இரண்டு நாள் பில் போடாமல் உட்கார்ந்திருக்கும் கடைகளை நிறையவே பார்த்துவிட்டேன்.

கடைசியாக, கடிதத்துக்குப் பதில் வரும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே ஒரு சோதனை செய்யுங்கள். டேட்டாவை ஒரு முறை பேக்கப் எடுத்துக்கொண்டு, பிரிண்ட் கொடுக்கும்போது உங்கள் பிரிண்டருக்குப் பதிலாக "மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்" என்பதைத் தேர்ந்தெடுங்கள், விண்டோஸ் 10-லும் 11-லும் அது கூடவே வருகிறது. பில் பிடிஎஃப் கோப்பாகச் சேமித்தால் மென்பொருள் நன்றாக இருக்கிறது, அப்டேட்டில் கெட்டது பெரும்பாலும் பிரிண்டரின் டிரைவர், நீங்கள் இரண்டு நாளாகத் தட்டிக்கொண்டிருந்ததே வேறு கம்பெனியின் கதவை. அந்த பிடிஎஃபை அப்டேட் ஆகாத கம்ப்யூட்டருக்கு எடுத்துப்போய் அங்கிருந்து அச்செடுத்து இன்றைய வியாபாரத்தை ஓட்டிக்கொள்ளலாம், பிரிண்டர் கம்பெனியின் தளத்தில் மாடல் எண்ணைப் போட்டால் டிரைவர் பெரும்பாலும் லாகின் இல்லாமலே கிடைக்கும். பிடிஎஃபுக்கும் அதே பிழை எண்தான் வருகிறது என்றால் கோளாறு மென்பொருளில்தான், அப்போது டிக்கெட்டில் இந்தச் சோதனையையும் அதன் முடிவையும் முதல் வரியாகப் போடுங்கள். எது வந்தாலும் பிழை எண்ணையும் பிரிண்டர் மாடலையும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.